இருநூறு கோடுகள்

ஆபீசில் எனக்கு அம்புக்காரி என்று பேர். நீர்த்தேக்கத்தின் அளவீட்டுப் பிரிவில் நான் செய்கிற வேலை அப்படி. தண்ணீருக்குள் ஒவ்வோர் இடத்திலும் நீர் எந்தப் பக்கம் போகிறது, எவ்வளவு வேகமாகப் போகிறது என்று எண்களாக வரும். அந்த எண்களைத் திரையில் முப்பரிமாணத்தில் அம்புகளாக வரைகிற மென்பொருளை எழுதுவது நான். பாடப் புத்தகத்தில் இதைத் திசையன் புலம் என்பார்கள். நாங்கள் ஃபீல்டு என்போம். ஒன்பது வருஷமாக இதே பிழைப்பு.

மொத்த நீர்த்தேக்கமும் ஒரு கண்ணாடித் தொட்டி போலத் திரையில் தெரியும். மவுசால் பிடித்துத் திருப்பலாம், சாய்க்கலாம், உள்ளே நுழைந்து பார்க்கலாம். எல்லா அம்புகளையும் ஒரே நேரத்தில் காட்டினால் முள்ளம்பன்றி மாதிரி இருக்கும், ஒரு மண்ணும் புரியாது. அதனால் விதை போடுவோம். தண்ணீருக்குள் ஏதாவது ஓர் இடத்தில் ஒரு புள்ளியை வைத்தால், அங்கே இருக்கும் அம்பு அதைக் கொஞ்சம் தள்ளும், போய்ச் சேர்ந்த இடத்தில் இருக்கும் அம்பு இன்னும் கொஞ்சம் தள்ளும், அது போன வழியெல்லாம் ஒரு கோடாக விழும். விதையை மவுசால் இழுத்தால் கோடும் கூடவே மாறும். ஆபீசைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு அதுதான் பிடிக்கும். பத்து நிமிஷம் விதையை அப்படியும் இப்படியும் இழுத்துவிட்டு, பிரமாதம் என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார்கள்.

அந்த எண்களில் பாதி என் அக்கா வீட்டுக்காரர் கொண்டுவந்தவை. மாமா எங்கள் பிரிவின் படகோட்டி. நீர்த்தேக்கத்தின் நடுவில் ஆள் நின்று வேலை செய்கிற மாதிரி ஒரு மிதவை கட்டியிருக்கிறது. வாரம் இரண்டு நாள் அங்கே போய், நீரோட்டமானியைக் கயிற்றில் கட்டி மீட்டர் மீட்டராக இறக்கி அளந்துகொண்டு வருவார். நாங்கள் இரண்டு பேரும் ஒரே ஆபீசில் இருப்பதில் அக்காவுக்குப் பெருமை, எங்களுக்குத் தலைவலி. என் அறைக்குள் வந்தால் சும்மா போக மாட்டார். "மச்சினி, நான் பத்திரமா அளந்துட்டு வர்ற தண்ணிய நீ ஏன் இப்படி ஊசி ஊசியா குத்தி வச்சிருக்க" என்பார். நானும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஊசி குத்தினாலாவது உங்களுக்குச் சுறுசுறுப்பு வருகிறதா பார்ப்போம் என்பேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்குச் சற்று முன்னால் மாமா மிதவையிலிருந்து தண்ணீரில் விழுந்தார். படகில் இரண்டு பேர் போக வேண்டும் என்பது விதி. இரண்டாவது ஆளுக்கு அன்றைக்குக் காய்ச்சல். கரையில் பம்புக்கொட்டகைக்காரர் அவரைப் பார்த்திருக்கிறார், குனிந்து கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தாராம். உள்ளே போய் மோட்டாரை நிறுத்திவிட்டு வந்து பார்த்தால் மிதவையில் ஆள் இல்லை. படகு கட்டின இடத்திலேயே ஆடிக்கொண்டிருந்தது.

இதைச் சொல்லும்போது எனக்கு எதுவும் ஆவதில்லை. அன்றைக்கும் ஆகவில்லை. கையும் ஓடல காலும் ஓடல என்று சொல்வார்களே, எனக்கு இரண்டும் நன்றாகவே ஓடின. தகவல் வந்த ஃபோனை வைத்தேன். திறந்திருந்த கோப்பைச் சேமித்தேன். அக்கா வேலை செய்யும் மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போய், லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்தவளை மிஷினிலிருந்து எழுப்பி, முதலாளியிடம் நானே காரணம் சொல்லி, வண்டியில் ஏற்றிக் கூட்டிக்கொண்டு வந்தேன்.  வழி முழுக்க அவள் லென்ஸ் தூள் ஒட்டிய கையை மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அன்று மாலை வரை மிதவையைச் சுற்றி முக்குளித்துத் தேடினார்கள், கிடைக்கவில்லை. அக்கா பம்புக்கொட்டகைப் படிக்கட்டில், தண்ணீருக்கு மேலே மூன்றாவது படியில் உட்கார்ந்துகொண்டாள். மாமா வழக்கமாகப் படகு ஏறுகிற இடம் அது. உயிரோடு வருவார் என்று அவள் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. வேறொன்று சொன்னாள்.

"முகத்த பாக்கணும் சின்னு. அவரு முகமா இருக்கும்போதே பாக்கணும். அவ்ளோதான்."

அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்று எனக்குத் தெரியும். எங்கள் அப்பா வெளியூரில் வேலைக்குப் போன இடத்தில் தீ விபத்தில் இறந்து, ஆணி அடித்த பெட்டியில் வந்தவர். எனக்கு அப்போது நாலு வயது, ஒன்றும் நினைவில்லை. அக்காவுக்குப் பதினொன்று. அதற்கப்புறம் எத்தனையோ வருஷம் கூட்டத்தில் யாராவது அப்பா உயரத்தில் போனால் கொஞ்ச தூரம் பின்னாலேயே போய் முகத்தைப் பார்த்துவிட்டு வருவாள். கல்யாணத்துக்குப் பிறகுதான் அந்தப் பழக்கம் விட்டது. மாமா அதைக் கேலி செய்ததே இல்லை, கூடவே நடந்து போய்ப் பார்த்துவிட்டு வருவாராம்.

முக்குளிப்பவர்களின் தலைவர் கட்டைகுட்டையான ஆள். பேச்சில் சுற்றி வளைக்கிற வேலை கிடையாது. மாமா போட்டிருந்த மிதவைச் சட்டை பழசு, வார் ஒரு பக்கம் போடாமல் இருந்திருக்கும், அது ஆளை மூழ்கவும் விடாது மிதக்கவும் விடாது என்றார். அப்படியானால் அடியில் கிடக்க மாட்டார், நடுத் தண்ணீரில் நீரோட்டத்தோடு போய்க்கொண்டிருப்பார். நீரோட்டம் எந்தப் பக்கம் என்று உங்கள் ஆபீசில்தானே தெரியும் என்று கேட்டார்.

புதன்கிழமை காலை எட்டு மணிக்கு என் அறையில் நாலு பேர் நின்றார்கள். முக்குளிப்பவர்களின் தலைவரும் அவருடைய ஆள் ஒருவரும். எங்கள் துறை மேலதிகாரி. எதைச் சொன்னாலும் சரி சரி என்பதால் எங்களுக்குள் அவர் பேர் சரிசரி. அப்புறம் பக்கத்து அறை கணக்குக்காரர். மாமா அளந்துவரும் எண்களையும் காற்றின் வேகத்தையும் வைத்து நீர்த்தேக்கம் முழுவதற்கும் கணக்குப் போடுகிறவர் அவர். அவர் கணக்கை நான் படமாக்குவேன். அவர் ராத்திரி முழுக்க உட்கார்ந்து செவ்வாய்க்கிழமைக் காற்றைப் போட்டுக் கணக்கை ஓட்டியிருந்தார், கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

நான் அதை ஏற்றினேன். மிதவையைச் சுற்றி இருநூறு விதை போட்டேன். காற்று அணை பக்கம் அடித்துக்கொண்டிருந்தது. மேல் தண்ணீர் அணை பக்கம் போகும், அடித் தண்ணீர் எதிர்ப்பக்கம், பம்புக்கொட்டகை பக்கம், திரும்பி வரும். நீர்த்தேக்கத்தில் எப்போதும் அப்படித்தான். ஆகவே மிதவைக்கு அருகில் தண்ணீர் கொஞ்சம் மேலே தூக்குகிறதா, கொஞ்சம் கீழே இழுக்கிறதா என்பதில்தான் எல்லாமே இருந்தது. திரையில் கோடுகள் லேசாக மேலே தூக்கின. பிறகு எல்லாம் ஒரே கற்றையாக அணைச்சுவர் பக்கம் ஓடி, சுவரை ஒட்டி நின்றன. வேகத்தைக் காட்டும் சிவப்பும் மஞ்சளுமாகப் பார்க்க அழகாகவே இருந்தன.

தலைவர் திரையைப் பார்த்துக்கொண்டே, "நிச்சயமா?" என்று கேட்டார்.

என் மென்பொருளைச் சந்தேகப்பட்டால் எனக்கு மூக்கு நுனியில் கோபம் வரும். செத்தது என் மாமா என்பதெல்லாம் அந்தக் கோபத்துக்குத் தெரியவில்லை.

"நிச்சயம்," என்றேன்.

அவர்கள் அணைக்குப் போனார்கள். நான் பம்புக்கொட்டகைக்குப் போய் அக்காவை எழுப்பினேன். அவள் இங்கேயே இருக்கிறேனே என்றாள். இங்கே உட்கார்ந்து என்ன புண்ணியம், அவர் அந்தப் பக்கம்தான் போயிருக்கிறார், கிடைத்தவுடன் நீ அங்கே இருக்க வேண்டாமா என்று அதட்டினேன். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுதான் போனேன். அணைக் காவலர் ஒரு மடக்கு நாற்காலி கொடுத்தார். அதைச் சுவரோரம் போட்டு அவளை உட்கார வைத்துவிட்டு, நான் செய்ததில் ஒரு நல்ல காரியம் என்று நினைத்துக்கொண்டேன்.

அணைச்சுவரின் அடியில் தண்ணீர் வாங்கும் வாய்களுக்கு முன்னால் கம்பித் தடுப்புகள் உண்டு. குப்பை, மரக்கிளை எல்லாம் அங்கேதான் சிக்கும். புதன் முழுக்க அங்கே தேடினார்கள். வியாழனும் தேடினார்கள். உள்ளே கும்மிருட்டு, கையால் தடவித்தான் பார்க்க வேண்டும். ஒருவருக்கு முழங்கையில் கம்பி கிழித்து நாலு தையல் போட்டார்கள். அக்கா ஒவ்வொரு தரமும் ஆட்கள் மேலே வரும்போது எழுந்து நிற்பாள், அவர்கள் தலையை ஆட்டினதும் உட்கார்ந்துகொள்வாள். அழவில்லை. நானும் அழவில்லை. பக்கத்தில் தரையில் உட்கார்ந்து பிஸ்கட்டைப் பிய்த்துப் பிய்த்து அவள் கையில் கொடுத்தேன், அவள் வாங்கி வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

வியாழன் சாயங்காலம் அவளே எழுந்து தலைவரிடம் போனாள். முகம் இன்னும் இருக்குமா என்று நேராகவே கேட்டாள். அந்த மனுஷன் பொய் சொல்லத் தெரியாதவர்.

"தண்ணி குளுந்துதாம்மா இருக்கு. இன்னிக்குள்ள கெடச்சிருந்தா பரவால்ல. நாளைக்குன்னா என்னால சொல்ல முடியாது."

அக்கா சரி என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை ஆபீசுக்குப் போனதும் அதே படத்தைத் திறந்தேன். வேறு எதையும் செய்யத் தோன்றவில்லை. தொட்டியைத் திருப்பி, அணைச்சுவரைக் கிட்டே கொண்டுவந்து, கோடுகள் நிற்கிற இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோடு ஏன் நிற்கிறது என்பதற்கு என் மென்பொருளில் மூன்று காரணம்தான் உண்டு. தண்ணீர் அசையாத இடத்துக்கு வந்திருக்க வேண்டும், அல்லது சுவரில் முட்டியிருக்க வேண்டும், அல்லது எண்கள் இருக்கிற எல்லையைத் தாண்டியிருக்க வேண்டும். ஒரு கோட்டின் நுனியைச் சுட்டி, காரணம் என்ன என்று கேட்டேன். எல்லை தாண்டியது என்று வந்தது. இன்னொன்று. எல்லை தாண்டியது. அம்புகளைப் பெரிதாக்கினேன். சுவரோரம் வந்த தண்ணீர் அவ்வளவும் மேலே, மேலே, நீர்மட்டத்துக்கு மேலே போய்க்கொண்டிருந்தது.

தண்ணீர் வானத்துக்கா போகும். காற்றடித்துச் சுவரில் மோதுகிற தண்ணீர் கீழேதான் இறங்க வேண்டும், அதற்கு வேறு போக்கிடம் கிடையாது. குழந்தைக்குத் தெரியும். இரண்டு நாள் இருநூறு கோடும் அதைத்தான் என் கண் முன்னால் காட்டிக்கொண்டிருந்தன. நான் சுவரில் முட்டி நிற்கின்றன என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

என்ன நடந்தது என்று கண்டுபிடிக்க ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. படகில் அளக்கிறவர்கள் ஆழத்தை மேலிருந்து கீழாக எண்ணுவார்கள். ஒரு மீட்டர், இரண்டு மீட்டர் என்று இறங்க இறங்க எண் கூடும். திரையில் படம் வரைகிறவர்களுக்கு மேலே போகப் போகத்தான் எண் கூட வேண்டும். அதனால் கோப்பை ஏற்றும்போது மேல் கீழைத் திருப்பிப் போட என் மென்பொருளில் இரண்டு வரி உண்டு. நீர்த்தேக்கத்தின் உருவத்துக்கு ஒன்று, அம்புகளுக்கு ஒன்று. கணக்குக்காரர் இரண்டு மாதம் முன்னால் தன் பக்கத்திலேயே அம்புகளைத் திருப்பித் தர ஆரம்பித்துவிட்டார். அவர் ஒரு தரம் திருப்ப, நான் இன்னொரு தரம் திருப்ப, மேலே என்பது கீழே ஆகிவிட்டது. குறுக்கே போகிறதெல்லாம் சரியாகவே இருந்தது. நீர்த்தேக்கமும் நேராகத்தான் இருந்தது. ஏறுகிற தண்ணீர் மட்டும் இறங்கியது, இறங்குகிற தண்ணீர் ஏறியது.

கணக்குக்காரர் அறைக்குப் போய், திருப்புவதை மாற்றினால் சொல்ல மாட்டீர்களா என்று சண்டைக்கு நின்றேன். அவர் பழைய மெயிலைத் தேடி எடுத்துக் காட்டினார். தெளிவாக, மூன்றே வரியில் எழுதியிருந்தார். கீழே என் பதிலும் இருந்தது. பார்த்தேன், நன்றி.

  திரும்பி வந்து அம்புகளைத் திருப்புகிற வரியை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டினேன். அதே இருநூறு விதை. கோடுகள் மிதவைக்குக் கீழே மெல்ல இறங்கி, அடித் தண்ணீரில் கலந்து, எதிர்ப்பக்கம் திரும்பின. முக்கால்வாசி பம்புக்கொட்டகைக் கரைக்கு வந்து நாணல் புதருக்குள் போய் மெதுவாகி நின்றன. நீல நிறத்தில், ஒன்றின் மேல் ஒன்றாக. இந்தத் தடவை காரணம் கேட்டால் அசையாத தண்ணீர் என்று வந்தது.

சரிசரியிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் முதல் தடவையாக சரி சரி என்று சொல்லவில்லை. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"பாரும்மா, இப்ப போய் தப்புன்னு சொன்னா அது ஒன்னோட நிக்காது. கணக்க இன்னும் மெருகேத்தினோம், இப்ப வேற எடம் காட்டுதுன்னு சொல்லு. அதுவும் பொய் இல்லதானே."

பூசி மெழுகுவதை எவ்வளவு நயமாகச் சொல்கிறார் என்று தோன்றியது. மற்ற நாளாக இருந்தால் வாய்க்கு வந்ததைப் பேசியிருப்பேன். அன்றைக்குத் தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்து, ஃபோனில் முக்குளிப்பவர்களின் தலைவரைக் கூப்பிட்டு, கணக்கை மெருகேற்றியிருக்கிறோம், பம்புக்கொட்டகை நாணலில் பாருங்கள் என்றேன்.  அவர் வருகிறோம் என்று வைத்துவிட்டார்.

ஒன்றரை மணி நேரத்தில் கிடைத்துவிட்டார். நாணல் வேருக்குள், நாலு மீட்டர் ஆழத்தில். அக்கா செவ்வாய்க்கிழமை உட்கார்ந்திருந்த மூன்றாவது படியிலிருந்து நாற்பது தப்படி.

அவளை அணையிலிருந்து நான்தான் கூட்டிக்கொண்டு வந்தேன். நாங்கள் வருவதற்குள் கரையில் துணி போட்டு மூடியிருந்தார்கள். அவள் நேரே போனாள். தலைவர் குறுக்கே வந்து நின்றார். பார்க்க வேண்டாம் அம்மா என்று மெதுவாகச் சொன்னார். அக்கா கத்தவில்லை, தள்ளவில்லை. நான் பார்க்கணும் என்று ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு நின்றாள். கடைசியில் அவர் துணியின் ஓரத்தைத் தூக்கி வலது கையை மட்டும் வெளியே எடுத்து வைத்தார். கட்டைவிரலில் கயிறு அறுத்த பழைய தழும்பு இருந்தது. அக்கா தரையில் உட்கார்ந்து அந்தக் கையைத் தன் இரண்டு கைக்கும் நடுவில் வைத்துக்கொண்டாள். வண்டி வரும்வரை விடவில்லை.

தலைவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் போனார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன், திட்டினால் தேவலை என்றும் இருந்தது.

"புதன்கிழமைன்னா காட்டியிருப்பேன்மா," என்றார். அவ்வளவுதான் சொன்னார். போய்ச் சாமான்களைக் கட்ட ஆரம்பித்தார்.

சனிக்கிழமை எல்லாம் முடிந்தது. மூடின பெட்டிதான். அக்கா அதைப் பார்க்காமல் பெட்டிக்குப் பக்கத்துத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வந்தவர்களுக்கு நாற்காலி போட்டேன், தண்ணீர் கொடுத்தேன், செருப்புகளை வரிசையாக ஒதுக்கி வைத்தேன். என்னைப் பார்த்தவர்கள் சின்னவள் எவ்வளவு தைரியமாக இருக்கிறாள் என்று பேசிக்கொண்டார்கள். தைரியமும் இல்லை ஒரு மண்ணும் இல்லை. மரத்துப் போன காலில் நடந்தால் தரை எங்கே இருக்கிறது என்றே தெரியாதே, அப்படி இருந்தது.

திங்கட்கிழமை ஆபீசில் பிழைப் பட்டியலில் அதை எழுதினேன். செங்குத்துத் திசை இரு முறை திருப்பப்பட்டது, சரிசெய்யப்பட்டது. தீவிரம் என்ன என்று அந்தப் படிவம் கேட்கும். லேசு, நடுத்தரம், கடுமை என்று மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மென்பொருள் நின்றுபோனாலோ கோப்பு அழிந்தாலோதான் கடுமை என்பது எங்கள் விதி. நடுத்தரம் என்று போட்டேன்.

பதினொரு நாள் கழித்து அக்கா ஆபீசுக்கு வந்தாள். மாமாவின் அலமாரியில் இருந்த சாமான்களை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. வேலை முடிந்ததும் கீழிருந்தே போய்விடுவாள் என்று நினைத்தேன். மாடி ஏறி என் அறை வாசலில் வந்து நின்றாள். கையில் ஒரு பை. ஒன்பது வருஷத்தில் அவள் என் அறைக்கு வந்தது அதுதான் முதல் தடவை. என் நாற்காலியைக் கொடுத்துவிட்டு நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

"அவரு எப்படி போனாருன்னு இதுல தெரியுமாமே," என்றாள். "கீழ ஒருத்தர் சொன்னாரு. காட்டு."

இதற்கு நான் தயாராக இருந்தேன் என்று சொன்னால் என்னைப் பற்றி என்ன நினைப்பீர்களோ. ஆனால் தயாராகத்தான் இருந்தேன். அந்தப் பதினொரு நாளும் சாயங்காலம் எல்லோரும் போன பிறகு அந்தப் படத்தைத் திறந்து, மிதவைக்குப் பக்கத்தில் ஒரே ஒரு விதையை மட்டும் வைத்துக்கொண்டு, கொஞ்சம் இந்தப் பக்கம் கொஞ்சம் அந்தப் பக்கம் என்று இழுத்து இழுத்து, அவர் கிடைத்த அதே இடத்தில் போய் நிற்கிற கோடு வரும்வரை விடாமல் தேடிப் பிடித்து வைத்திருந்தேன். ஆனால் அதைக் காட்டுவதற்கு முன்னால் பழையதைக் காட்டினேன். சிவப்பும் மஞ்சளுமாக அணைக்கு ஓடுகிற கோடுகளை.

இது தப்பு அக்கா என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். மெயில் வந்தது, நான் நன்றி போட்டது, இரண்டு தடவை திருப்பினது, தலைவர் நிச்சயமா என்று கேட்டது, நான் நிச்சயம் என்றது, உன்னைப் படியிலிருந்து இழுத்துக்கொண்டு போனது. தலைவர் புதன்கிழமை என்று சொன்னதையும் சொன்னேன். அதை மட்டும் மறைத்துவிடலாமா என்று ஒரு நொடி இருந்தது. மெருகேற்றினது என்ற வார்த்தை ஞாபகம் வந்தது, சொல்லிவிட்டேன்.

அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மேல கீழயா மாத்திட்ட," என்றாள்.

"ஆமா."

"இப்ப சரியா இருக்கா?"

"இருக்கு."

"அதக் காட்டு."

அடிப்பாள், எழுந்து போய்விடுவாள், இனி என் முகத்திலேயே முழிக்காதே என்பாள் என்றெல்லாம் பதினொரு நாள் எண்ணி வைத்திருந்தேன். இதற்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. சொன்னதைச் செய்தேன். நான் பிடித்து வைத்திருந்த அந்த ஒற்றைக் கோட்டைத் திறந்து, அதன் மேல் ஒரு சின்ன வெள்ளைப் புள்ளியை ஓட விட்டேன். மிதவையிலிருந்து கிளம்பி, மெல்லக் கீழே இறங்கி, திரும்பி, கரையோரமாக வந்தது. பக்கத்தில் நேரம் ஓடிக்கொண்டிருந்தது. செவ்வாய் மாலை ஐந்தே முக்காலுக்குப் படிக்கட்டுக்குக் கீழே போனது. அக்கா அதை நிறுத்தச் சொன்னாள்.

"இங்கதான நான் உக்காந்திருந்தேன்?"

"ஆமாக்கா. அந்த நேரம் அங்கதான் இருந்த."

"எவ்ளோ தூரம் இது?"

"பதினோரு மீட்டர்."

"நாங்க குடியிருக்கோமே, அந்த வீட்டு நீளம்," என்றாள். மறுபடி முதலிலிருந்து ஓட்டச் சொன்னாள். ஓட்டினேன். நாலு தடவை பார்த்தாள். ஐந்தாவது தடவை படிக்கட்டு வந்ததும் நாற்காலியை இழுத்துக் கிட்டே போட்டுக்கொண்டாள். அவள் முகத்தில் அத்தனை நாள் இல்லாத ஏதோ ஒன்று வந்தது. என் அக்காவுக்கு ஏதோ கொடுத்துவிட்டேன் என்று எனக்கு அப்போது சந்தோஷமாகக்கூட இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அவள் திரையில் இருந்த அந்தப் புள்ளியைத் தொட்டுப் பார்க்கத்தான் மவுசில் கை வைத்தாள் என்று நினைக்கிறேன். அம்புக்குறி விதையின் மேல் இருந்தது. அவள் கை அசைந்ததும் விதை ஒரு நூல் அளவு நகர்ந்தது. கோடு படிக்கட்டை விட்டு விலகி, எதிர்க்கரையைச் சுற்றிக்கொண்டு போய் விழுந்தது.

கையை எடுக்கவில்லை அவள். திரும்பி இழுத்தாள். கோடு நடுத் தண்ணீரில் இரண்டு வளையம் சுற்றி, எங்கும் போய்ச் சேராமல் நின்றது. இன்னும் கொஞ்சம் இழுத்தாள். அது நாணலுக்கு வந்தது, ஆனால் படிக்கட்டுப் பக்கமே வராமல் மறுபுறமாக வந்தது. லென்ஸ் பிடித்துப் பழகின கை. துளித்துளியாக நகர்த்திக்கொண்டே இருந்தாள். ஒவ்வொரு துளிக்கும் கோடு வேறு வேறு இடத்துக்குத் தாவியது. பழைய இடம் திரும்ப வரவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்தபடி நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மவுசை வாங்கி, சேமித்து வைத்ததைத் திறந்து கொடுத்திருக்கலாம். என் கை போகவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவள் என் பக்கம் திரும்பினாள்.

"சின்னு, இதுல எது அவரு?"

"தெரியாதுக்கா," என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். திரையைப் பார்த்துத் திரும்பி, மவுசை இன்னும் கொஞ்சம் இடது பக்கம் நகர்த்தினாள்.